ஏழடி என்றால் எங்கிருந்து ஏழடி?

வேலி போட்டு முடித்து, மேஸ்திரி மீதிப் பணத்துக்கு வந்து நிற்கும்போது நீங்கள் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. டேப்பை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். அதன்பிறகு எட்டு மாதம் பட்டதை, இந்தப் பக்கம் மனை வாங்கி வேலி போடப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று ஒரு வழிகாட்டியாக எழுதுகிறேன். இதன்படி நடந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று உத்தரவாதம் தர முடியாது. சண்டை முறையாக நடக்கும், அவ்வளவுதான்.

எங்கள் மனை ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் இடையில் ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. ஒரு கிரவுண்டு. முன்னால் வீடு, பக்கத்தில் தோட்டம். கத்தரி, வெண்டை, பத்து மிளகாய்ச் செடி, ஒரு முருங்கை. இந்தத் தோட்டத்துக்கு எதிரிகள் இரண்டு.

முதல் எதிரி ஆடு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது 1998-ல். ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் 2010-ல் வந்தது, டைம்லர் லாரி 2012-ல், ராயல் என்ஃபீல்டு 2013-ல். ஒவ்வொருவரும் சுவர் எழுப்ப எழுப்ப மேய்ச்சல் தரை சுருங்கியது. நிலத்தைக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை என்ற பேச்சாவது இருந்தது. ஆடுகளுக்கு அந்தப் பேச்சும் இல்லை. அவை லேஅவுட்டுக்குள் வந்துவிட்டன.

இரண்டாவது எதிரி கம்பெனி பஸ். மூன்று ஷிப்டுக்கும் எங்கள் தெரு வழியாகத்தான் போகும், வரும். ஷிப்டு முடிந்த களைப்பில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கள் அடுக்களையும் கொடியில் காயும் துணியும்தான் இயற்கைக் காட்சி. ஒருநாள் எங்கள் ஆலை கேன்டீன் வரிசையில் எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு பையன், “சார், உங்க வீட்டு வெண்டைக்காய் முத்திப்போச்சு, பறிக்கலையா?” என்று கேட்டான். அன்று ராத்திரிதான் மனைவி முடிவாகச் சொன்னாள்: ஏழடிக்கு ஒரு விரல் குறையக் கூடாது.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். போட முடிவு செய்தது ரெடிமேட் காம்பவுண்டு. கான்கிரீட்டில் வார்த்த போஸ்ட்டில் இரண்டு பக்கமும் காடி இருக்கும். குழி தோண்டி போஸ்ட்டை நட்டு, காடிக்குள் ஓரடி உயர ஸ்லாப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவார்கள். இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும்.

“எத்தினி அடி சார்?”

“ஏழடி.”

“ஏழடி. சரி சார்.”

இதுதான் எங்கள் ஒப்பந்தம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கட்டைவிரல் படம் இன்னும் இருக்கிறது. ஏழடி போஸ்ட் வந்து இறங்கியது. இரண்டடி குழிக்குள் போனது. ஐந்தடி வெளியே நின்றது.

இப்போது வழிகாட்டிக்கு வருவோம். முதல் வேலை, உங்கள் தொழிலை மறந்துவிடுவது. நான் ஒரு உதிரிபாக ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் ஒரு டிரே பாகத்தையே ஓரம் கட்டுகிறவன். அப்படிப்பட்டவன் வாங்கிய வேலியில் இரண்டடி காணோம் என்றால், ஊர் சிரிக்கிறதோ இல்லையோ, எங்கள் டிபார்ட்மென்ட் சிரிக்கும். சிரித்தது. ஆலையில் வரைபடம் கைக்கு வந்தால் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் டேட்டத்தைத் தேடுவோம், அதாவது எந்த முகத்திலிருந்து அளக்க வேண்டும் என்பதை. அது போடாத வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம். மேஸ்திரிக்கு நான் அனுப்பியது வரைபடம்கூட இல்லை, ஒரு எண்.

அடுத்து, மேஸ்திரியின் டேப்பைப் பார்த்து வையுங்கள். என் மேஸ்திரியின் டேப்பில் முனைக் கொக்கி கிடையாது. என்றைக்கோ சித்தாள் மிதித்து உடைந்து போனது. முதல் சில அங்குலங்களில் எண்கள் சிமென்ட் பட்டு அழிந்து வெள்ளைத் தகடாகிவிட்டன. அதனால் அவர் ஓரடிக் கோட்டிலிருந்து அளப்பார், கடைசியில் ஓரடியைக் கழித்துக்கொள்வார். இது தப்பான முறை இல்லை. நல்ல கொத்தனார்கள் தெரிந்தே செய்வதுதான். கழிக்க மறக்காத வரைக்கும்.

உயரத்தை அடியில் சொல்லாமல் உடம்பில் சொல்லச் சொல்லி எங்கள் பக்கத்து மனைப் பெரியவர் யோசனை கொடுத்தார். அந்தக் காலத்தில் நெஞ்சு மட்டம், கழுத்து மட்டம், ஆள் மட்டம் என்றுதான் பேச்சாம், சண்டையே வராதாம். நம்பிவிடாதீர்கள். யாருடைய நெஞ்சு என்பதில் ஆரம்பிக்கும். எங்கள் மேஸ்திரி நிமிர்ந்து நின்றால் என் தோளுக்கு வருவார். அவருக்கு ஆள் மட்டம் என்பது எனக்குக் கழுத்து மட்டம், ஆட்டுக்கு ஒரே தாவல்.

ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலையில் ‘கோ, நோ-கோ’ கேஜ் என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் நுழைய வேண்டும், மறுபக்கம் நுழையக் கூடாது. எண்ணே பார்க்க வேண்டாம், அந்த மறுபக்கம் நுழைந்தால் ரிஜெக்ட். எங்கள் வட்டாரத்திலேயே நம்பகமான கேஜ், எதிர்த்தெருவில் இருந்த கறுப்பு வெள்ளாடு. வேலி முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, தெருவில் கொட்டிக் கிடந்த ஜல்லிக் குவியல்மேல் ஏறி, வேலி உச்சியில் நான்கு காலையும் ஒரே இடத்தில் வைத்து ஒரு கணம் நின்று, உள்ளே குதித்து, மிளகாய்ச் செடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிட்டது. அந்த ஜல்லி மேஸ்திரி கொட்டி வைத்தது. இதை எந்தத் தலைப்பில் புகாரில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

புகார் சொல்லப் போகும்போது ஐந்து ‘ஏன்’ கேட்கும் முறையைக் கையாளாதீர்கள். டொயோட்டாக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த முறை அது. ஒரு கோளாறு என்றால் ஐந்து தடவை ஏன் ஏன் என்று தோண்டிக்கொண்டே போனால் மூல காரணம் தட்டுப்படும். இந்தச் சாலையில் இருக்கும் பாதி ஆலைகளில் சுவரில் எழுதி மாட்டியிருப்பார்கள். நானும் வேலி ஓரத்தில் மேஸ்திரியை நிற்க வைத்துக் கேட்டேன்.

“ஏன் மேஸ்திரி வேலி குள்ளமா இருக்கு?”

“ரெண்டடி குழிக்குள்ள போச்சே சார். காத்து மழைக்கு சாயாம நிக்கணும்ல?”

“அப்படின்னா மீதி அஞ்சடி இருக்கணுமே. ஏன் உள்ளே நின்னு அளந்தா நாலடிதான் வருது?”

“அப்பறமா நீங்கதான சார் தோட்டத்துக்கு ஓரடி செம்மண்ணு அடிச்சீங்க.”

“ஏன் அடிச்சேன்?”

“ரோட்டுத் தண்ணி உள்ள வருதுன்னு.”

“ரோட்டுத் தண்ணி ஏன் உள்ள வருது?”

“ரோட்டை ஒசத்திட்டாங்களே சார்.”

“ஏன் ஒசத்தினாங்க?”

“அத என்னக் கேட்டா?”

ஐந்து முடிந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவுக்கு அது எட்டவில்லை, தார்மேல் தார். மூல காரணம் ரோடு என்று முறைப்படி நிரூபணமாகிவிட்டது. ஆனால் நான் பிடித்து வைத்திருந்த எட்டாயிரம் ரூபாய் மேஸ்திரியுடையது. ரோட்டுக்குத் தர வேண்டிய பாக்கி எதுவும் என் கையில் இல்லை.

ஆக, ஒரே வேலிக்கு மூன்று உயரம். குழியின் அடியிலிருந்து ஏழடி, அது மேஸ்திரி கணக்கு. ரோட்டிலிருந்து நாலேகால், அது என் கணக்கு. தோட்டத்துக்குள்ளிருந்து நாலடி, அது மனைவியின் கணக்கு, பஸ்ஸில் போகிறவர்களின் கணக்கும்கூட. மூன்றுமே சரி. இப்படிப்பட்ட சண்டையில் சத்தியம் வாங்குவது வீண். “வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியமா ஏழடிதான் சார்” என்றார் மேஸ்திரி. அந்தக் கோயில் மூலவர் ஏழடி உயரம் என்பார்கள். எத்தனையோ கிருத்திகைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். அத்தனையும் கண்ணுக்குத் தெரிகிறது, குழிக்குள் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னதும் மேஸ்திரி, “சாமிக்கு ஏது சார் காத்து மழ பயம்?” என்றார்.

இலக்கியத்தையும் இழுக்காதீர்கள். ‘அரண்’ அதிகாரத்தில் வள்ளுவர் கோட்டை மதிலுக்கு வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறார், அதில் உயரம்தான் முதலில் வருகிறது என்று ஒரு நாள் ஆரம்பித்தேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கன்னியாகுமரி போயிருக்கீங்களா சார்?” என்றார்.

“போயிருக்கேன்.”

“வள்ளுவர் செல எத்தினி அடி?”

“நூத்தி முப்பத்து மூணு.”

“பீடத்தோடயா, பீடம் இல்லாமயா?”

வாயடைத்துப் போனேன். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ல் திறந்த சிலை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. அதன்மேல் நிற்கும் வள்ளுவர் 95 அடி, மற்ற இரண்டு பாலின் கணக்கு. சேர்த்தால்தான் 133. “பீடத்தக் கழிச்சிட்டு யாராச்சும் காசு குடுத்தாங்களா?” என்று கேட்டுவிட்டுப் பீடி பற்ற வைத்தார். பீடம் கண்ணுக்குத் தெரிகிறது, உம்முடைய இரண்டடி தெரியவில்லை என்ற பதில் எனக்கு அன்று ராத்திரி பதினோரு மணிக்கு, படுக்கையில், தோன்றியது. உடனே போன் போடலாமா என்று மனைவியைக் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

எங்கள் இருவரையும் மட்டும் மட்டமாக நினைக்க வேண்டாம். எவரெஸ்ட் விஷயத்தில் சீனாவும் நேபாளமும் வருஷக்கணக்கில் இதே சண்டைதான் போட்டன. பாறை வரைக்கும்தான் மலை என்று சீனா 2005-ல் அளந்து 8,844.43 மீட்டர் என்றது. மேலே கிடக்கும் பனியையும் சேர்க்க வேண்டும் என்று நேபாளம் 8,848-ஐ விடவில்லை. 2020 டிசம்பரில் இரண்டு நாடுகளும் ஒன்றாக உட்கார்ந்து 8,848.86 என்று அறிவித்தன. பனி வென்றது. அவர்களுக்குத் தகராறு உச்சியில், எங்களுக்கு அடியில்.

சட்டத்துக்குப் போகலாமா? போகலாம், ஆனால் முதலில் படித்துவிட்டுப் போங்கள். நான் படிக்காமல் மிரட்டிவிட்டுப் பிறகு படித்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-ஆம் பிரிவு: இரண்டு பேர் ஒரே விஷயத்துக்கு, ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் அது சம்மதம். நாங்கள் ஒரே சொல்லுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு, 1864-ல் லண்டனில் நடந்தது. பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ என்ற கப்பலில் வரும் சூரத் பருத்தி 125 பேல் என்று பேச்சு. விதி விளையாடி, அதே பெயரில் இரண்டு கப்பல்கள் பம்பாயிலிருந்து கிளம்பின. ஒன்று அக்டோபரில், இன்னொன்று டிசம்பரில். வாங்குகிறவர் மனதில் அக்டோபர் கப்பல், விற்கிறவர் மனதில் டிசம்பர் கப்பல். டிசம்பர் கப்பலில் பருத்தி வந்தபோது வாங்கியவர் கைவிரித்துவிட்டார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடத்துகிறார்கள். நான் இந்த வழக்கைப் படித்து முடித்து, ‘ஆகா, நான்தானே வாங்குகிறவன்’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் உறைத்தது: பருத்தியைத் திருப்பி அனுப்பிவிடலாம். கான்கிரீட் போட்டு இறுக்கிய முப்பது போஸ்ட்டை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டத்தில் ‘சேவை’ என்ற சொல்லுக்குள் வீட்டுக் கட்டுமானமும் அடங்கும். குறை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நல்ல ஏற்பாடு. அதற்கான தாள்களைத் தேடும்போதுதான் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கண்ணில் பட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். வீட்டுச் சுற்றுச்சுவரின் உயரம், முன்னால் போகும் தெருவின் நடுக்கோட்டிலிருந்து அளந்தால், ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. அதாவது ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மேலே தொண்ணூறு சென்டிமீட்டர் கம்பி, வலை மாதிரி திறந்த வேலைப்பாடாக இருந்தால் 2.4 மீட்டர் வரை அனுமதிக்கலாமாம். ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் 2.4 மீட்டர் வரை கொடுக்கலாம். சிறைச்சாலைக்கு இந்த வரம்பே இல்லை. உள்ளூர் விதி வேறாக இருக்கலாம், அதற்கு ஊராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. மேஸ்திரி கட்டிக் கொடுத்த குட்டைச் சுவர் விதிக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தது. நான் கேட்டது ஜெயில். இதை எட்டு மாதத்தில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

ஆனாலும் எங்கிருந்து அளப்பது என்பதை அந்தத் தொகுப்பு எழுதி வைத்திருக்கிறது பாருங்கள், தெருவின் நடுக்கோடு என்று. அதைத்தான் நான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்: ரோட்டிலிருந்து அளங்கள் மேஸ்திரி, ரோட்டிலிருந்து அளங்கள்.

ஓரிடத்தில் மட்டும் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். ‘சரி, காடிக்கு மேலே இரும்பு பட்டி அடித்து இன்னும் இரண்டு ஸ்லாப் ஏற்றிவிடுங்கள்’ என்று ஒரு கட்டத்தில் மேஸ்திரியிடம் சொன்னேன். செய்ய மாட்டேன் என்றார். உள்பக்கம் ஓரடி மண் அடித்து ஏற்கெனவே சுவரைத் தள்ள வைத்திருக்கிறேன், மழையில் அந்த மண் ஊறினால் தள்ளும் வேகமே வேறு, இதற்கு மேல் பாரம் ஏற்றினால் ரெண்டடிக் குழி பிடிக்காது என்றார். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில், ஓங்கி நின்ற ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து பக்கத்துக் குடியிருப்பின்மேல் விழுந்தது. தூக்கத்தில் இருந்த 17 பேர் செத்துப் போனார்கள். அன்றைக்கு மேஸ்திரி அந்தச் சம்பவத்தைச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஞாபகம் வந்தது. குழியில் புதைத்த இரண்டடி வீண் போன இரண்டடி இல்லை. என் கோபம் அதற்கு முன்னால் இருந்ததுபோல் அதற்குப் பிறகு இல்லை. பாக்கியை மட்டும் விடவில்லை, வீம்பு.

பஞ்சாயத்துக்கு ஆள் வைக்கும் யோசனை வந்தால் தள்ளிவிடுங்கள். பக்கத்து மனைப் பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் வேலியைச் சுற்றி வந்து, தடவிப் பார்த்து, “இதுக்கு மேல ஏத்துனா எனக்குக் காத்து வராது தம்பி” என்றார். லேஅவுட் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாற்பது பேர் தங்கள் மேஸ்திரியின் நம்பரை அனுப்பினார்கள். அதில் பாதி நம்பர் என் மேஸ்திரியுடையது.

இதற்கிடையில் மனைவி ஒரு வேலை செய்தாள். சுங்குவார்சத்திரம் சந்தையிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் கோவைக்காய்த் தண்டு நாலு வாங்கி வேலி ஓரம் ஊன்றினாள். சவுக்குக் கம்பு ஒரு கட்டு வாங்கி, போஸ்ட்டுக்கு ஒன்றாகக் கட்டி, குறுக்கே கயிறு ஓட்டினாள். இந்தப் பக்கத்தில் கிளுவையும் ஒதியனும் நட்டு வேலி போட்ட காலத்தில் உயரச் சண்டை வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேலி பாட்டுக்கு வளர்ந்தது, வேண்டாத அளவுக்கு வளர்ந்தால் கழித்து ஆட்டுக்குப் போட்டார்கள். ஆடி மழை இரண்டு விழுந்ததும் கோவைக் கொடி கயிற்றைப் பிடித்துக்கொண்டது. புரட்டாசியில் வெள்ளைப் பூ. பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் பச்சை மட்டும்தான் தெரிகிறதாம், கேன்டீன் பையன் வருத்தத்தோடு சொன்னான். கறுப்பு ஆடு ஒரு முறை முன்னங்காலைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, எட்டிய மட்டும் தழையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிச் சத்தம். மேஸ்திரி இறங்கினார். வேலியை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் டேப்பை எடுத்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தார்மேல் அழுத்திப் பிடித்து, மற்ற முனையைக் கொடியின் கொழுந்து வரைக்கும் இழுத்தார்.

“ஏழடி இருக்குது சார். ரோட்டுலேருந்துதான் அளந்தேன். அந்த எட்டாயிரம்?”

நானும் குனிந்து பார்த்தேன். தாரைத் தொட்டுக்கொண்டிருந்தது ஓரடிக் கோடு.

“ஓரடி கழிச்சீங்களா மேஸ்திரி?”

“கோவக் கொடி சார்” என்றார் டேப்பைச் சுருட்டிக்கொண்டே. “கழிக்கிறதுக்குள்ள வளந்துரும்.”